கத்தினேன் என்று நான் எழுதிய வரி

திங்கட்கிழமை நீங்கள் இருவரும் இந்த அறையில் வந்து உட்காரப் போகிறீர்கள். சாவி முதல்வர் அலுவலகத்தில் இருக்கிறது. மின்விசிறியை மூன்றில் வைத்தால் ஆடும், இரண்டில் வையுங்கள். விதிகள், படிவங்கள், எந்தக் கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் நீலக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கோப்பில் எழுத இடமில்லாத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முப்பத்து மூன்று வயதில் ஒருவன் வேலையை விட்டுப் போகும்போது அனுபவம் பேசினால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வரட்டும். மாணவர் நல உதவியாளர் என்று பெயர்ப் பலகையில் போட்டிருக்கும் இந்த வேலையில் எனக்கு முன் இருந்தவர் பதினான்கு மாதத்தில் போய்விட்டார். நான் ஏழு வருடம் இருந்தேன். கல்லூரியின் உள் புகார்க் குழுவுக்கு எழுத்து வேலை பார்த்ததும் நான்தான். பாலியல் அத்துமீறல் பற்றி ஒரு மாணவி வாயைத் திறந்தால், பெரும்பாலும் முதலில் திறப்பது இந்த மேசைக்கு எதிரே உள்ள நாற்காலியில்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒருத்தியை நான் எப்படிக் கவிழ்க்கப் பார்த்தேன் என்பதுதான் இந்தக் கதை.

அவளைச் சுதா என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் அதுவல்ல. கிளிஞ்சல்மேட்டைத் தாண்டிக் கடலோரத்தில் அவளுடைய ஊர். எது என்று சொல்ல மாட்டேன். இதை எழுதி முடித்ததும் முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். 'எழுதிக்கங்க சார்' என்று திருப்பி அனுப்பினாள். 'பாவம்' என்று நான் எழுதியிருந்த இரண்டு இடங்களையும் அடித்திருந்தாள்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்த தவறு நான் வளர்ந்த விதத்திலிருந்து வந்தது.

எனக்கு ஊர் வரிச்சிக்குடி. அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். ஏழாம் வகுப்பு வந்ததும் தெருவுக்கே மனு எழுதித் தருகிறவன் ஆகிவிட்டேன். சிவப்பு ரேஷன் அட்டை வேண்டும், முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது, மழை நிவாரணத்தில் பெயர் விட்டுப்போய்விட்டது, எல்லாவற்றுக்கும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு மனு. முதல் இரண்டு மூன்று மனுக்களை நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஒன்றும் ஆகவில்லை. அலுவலகத்தில் ஒருவர், "எல்லாரும் கஷ்டம்னுதான் எழுதுறாங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு பழகிக்கொண்டேன். கூரை ஒழுகினால் வீடு இடிந்து விழும் நிலையில் இருப்பதாக எழுதுவேன். ஒரு வேளைச் சோறு இல்லையென்றால் மூன்று நாட்களாக அடுப்பு எரியவில்லை என்று எழுதுவேன். மனுக்கள் நடக்க ஆரம்பித்தன. தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. "அந்தப் புள்ளைகிட்ட குடு. படிக்கிற ஆபீசரு அழுவுற மாதிரி எழுதும்."

இதில் எனக்குப் பெருமைதான். இன்றும் கொஞ்சம் உண்டு. இந்த வேலைக்கு நேர்காணலில் என் பலம் என்ன என்று கேட்டபோது, மற்றவர்களுக்காக நன்றாக எழுதுவேன் என்று சொன்னேன்.

வேலையில் சேர்ந்த வருடமே விழிப்புணர்வு என்று இறங்கிவிட்டேன். மாடிப்படிக்கட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெண்ணின் முகம், திறந்த வாய், அதற்குக் கீழே ஆள் உயர எழுத்தில், 'சத்தம் போடு. மௌனம் உன்னைக் காக்காது.' எழுத்து முழுக்க என் கை. உள்ளூர் கேபிள் டிவிக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு கூட்டம் வைத்தேன். மாணவிகளுக்கு மட்டும். பையன்கள் இருந்தால் பெண்கள் பேச மாட்டார்கள் என்று அவர்களை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது ஒருவன் கையசைத்தான்.

"வாரா வாரம் விழிப்புணர்வு வைங்க சார். நல்லாருப்பீங்க."

நானும் சிரித்தேன். சொல்ல வேண்டிய விஷயத்தைக் கேட்க வேண்டியவர்களில் பாதிப் பேர் அன்று பைக்கில் கீழவாஞ்சூர் வரை சுற்றிவிட்டு வந்தார்கள். நான்கு வருடம் கழித்து சுதாவின் புகாரில் வந்தவன் அப்போது இந்தக் கல்லூரியிலேயே இல்லை, அவன் சேர்ந்தது பிறகு. ஆனால் அவன் சேர்ந்த வருடமும் கூட்டத்தை அப்படியேதான் வைத்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பிற்பகல் சுதா வந்தாள். இரண்டாம் ஆண்டு. கூட வந்த தோழி வெளியிலேயே நின்றுகொண்டாள். அதற்கு முன் இரண்டு மூன்று முறை அந்தப் பெண்கள் கதவருகே வந்து திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன், விடுமுறைக் கடிதம் சம்பந்தமாக இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஆண்டு விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மாடியில், நூலகத்தின் பின்னறையை ஒட்டி, விழாச் சாமான்கள் வைக்கும் அறை ஒன்று இருக்கிறதே, அங்கே கோலாட்டக் குச்சி எடுக்கப் போயிருக்கிறாள். இறுதியாண்டு மாணவன் ஒருவன்தான் விழா ஏற்பாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாப் பிள்ளைகளும் அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள், இவளும். அவன் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டான். அதற்கு மேல் நடந்ததை அவள் என்னிடம் சொன்னாள். நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை.

சொல்லி முடித்துவிட்டுத் துப்பட்டா நுனியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எழுதிக் குடுக்கணுமாமே சார்."

"ஆமாம்மா. எழுத்துல இருந்தாத்தான் குழு எடுத்துக்கும்."

"எப்படி எழுதறதுன்னு தெரியல."

"நீ சொன்னியே, போதும். நான் எழுதித் தர்றேன்."

அவள் கேட்டது எப்படி எழுதுவது என்று. எனக்குக் காதில் விழுந்தது எழுதிக் கொடுங்கள் என்று. பதினெட்டு வருடமாக என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டிருந்தார்கள்.

அரை மணி நேரத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். 'கடலன்னையை நம்பி வாழும் ஏழைக் குடும்பத்தில் பிறந்த' என்று தொடங்கியது. தங்கள் பொற்பாதம் பணிந்து என்று முடிந்தது. நடுவில், 'காப்பாற்றுங்கள் என்று கதறினேன், கத்தினேன், கூக்குரலிட்டேன், எவரும் வரவில்லை' என்று ஒரு வரி. அவள் அப்படிச் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் தாண்டிய இடம் அது. அந்த இடம் வெறுமையாக இருந்தால் மனு நிற்காது என்று எனக்குத் தோன்றியது. அவள் சொன்ன வேறு சிலவற்றை விட்டுவிட்டேன், சின்ன விஷயங்கள் என்று.

அவள் படித்தாள். அந்த வரி வந்ததும் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கட்டும்மா. அப்பதான் படிக்கிறவங்களுக்கு ஒறைக்கும்."

கையெழுத்துப் போட்டாள்.

ஒன்பது நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை அவனுடைய பதில் வந்தது. வியாழக்கிழமை விசாரணை. பதில் நன்றாகத் தட்டச்சு செய்த நான்கு பக்கம், ஆனால் தான் அந்த அறைப் பக்கமே போகவில்லை என்ற ஒரு வரியைத் தவிர அதில் இருந்தது ஒரே விஷயம். அந்த நேரத்தில் நூலக உதவியாளர் பின்னறையில் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம். அவரிடம் எழுதி வாங்கி இணைத்திருந்தான். 'அலறல் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.' கத்தினேன் என்பது பொய். இது பொய்யென்றால் மற்றதும் பொய்.

நூலக உதவியாளர் யாருக்காகவும் பொய் சொல்கிற மனிதர் இல்லை. அது எனக்குத் தெரியும்.

அன்று மதியம் கேன்டீனில் டீ வாங்க நின்றபோது பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டது கேட்டது.

"கத்துனாளாம்டா. பக்கத்து ரூமுக்கே கேக்கலயாம்."

"மைக் இல்லாம கத்திருப்பா."

எப்படி வெளியே போனது என்று கேட்காதீர்கள். போய்விட்டது. டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்து நான் செய்ததுதான் எனக்கு இன்றும் கூச்சம் தருவது. மாடிக்குப் போய் அந்த அறைக்குள் நின்று பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே ஜெனரேட்டர் ஷெட் இருந்தது. எலக்ட்ரீசியனைப் பிடித்து, அன்று மின்வெட்டு இருந்ததா, ஜெனரேட்டர் ஓடியதா என்று கேட்டேன். இல்லை என்றார். ஒத்திகைக்கு ஸ்பீக்கர் வைத்தார்களா என்று கேட்டேன். வைத்தார்கள், கீழே மேடையில். சரி, ஸ்பீக்கர் போதும் என்று முடிவு செய்தேன். ஒரு மனுவில் ஒரு வரி இடித்தால் இன்னொரு வரியால் முட்டுக் கொடுப்பது எனக்குப் பழகிய வேலை.

சுதாவைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"அன்னிக்கி ஸ்பீக்கர்ல பாட்டு ஓடிச்சில்ல. அந்தச் சத்தத்துல நீ கத்தினது கேக்கலன்னு சொல்லிடுவோம்."

"நான் கத்தலயே சார்."

"எழுதியிருக்கோமே."

"நீங்க எழுதினீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. நான் சட்டென்று கேட்டுவிட்டேன்.

"சரி, ஏம்மா கத்தல?"

இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் குறிப்பெடுத்து அடிக்கோடு போட்டிருந்தேன். நெருக்கடி வந்ததும் என் வாயிலிருந்து வந்தது அந்தக் கேள்விதான். உங்களுக்கும் வரும், வராது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கதவு வழியாகப் படிக்கட்டுச் சுவர் தெரியும். நான் எழுதிய சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெனம் அந்தப் படியிலதான் சார் ஏறுறேன். ஏறும்போது தலைய குனிஞ்சிக்குவேன். சத்தம் போடுன்னு போட்டிருக்கு. நான் போடல. கை காலு எதுவும் என்னுது மாதிரியே இல்ல, தொண்டை அடைச்சிகிட்டு நின்னுச்சு. அப்ப எம்மேலதான தப்புன்னு இருக்கும். அதான் மூணு வாட்டி இங்க வந்துட்டு வந்துட்டுத் திரும்பிப் போனேன்."

அவள் எழுந்து பையை மாட்டினாள்.

"நான் வாபஸ் வாங்கிக்கிறேன் சார்."

"இல்லம்மா, கொஞ்சம் பொறு, அதுக்கு ஒரு முறை இருக்கு..."

"அதையாவது நான் எழுதிக்கிறேன்."

போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வரவில்லை.

அன்று நான் இந்த மேசையில் உட்கார்ந்து என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அவள் வாபஸ் வாங்கிவிட்டால் கோப்பு மூடப்படும். அந்த வரி யாருடையது என்று யாரும் கேட்க மாட்டார்கள். என் ஒப்பந்தம் அந்த மாதம்தான் புதுப்பிக்கப்பட இருந்தது. வீட்டில் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான். வாபஸ் என்பது அவளுடைய விருப்பம், அதை மதிப்பதுதான் முறை என்று எனக்கு நானே அழகாக ஒரு மனு எழுதிக்கொண்டேன். மதியம் வரை அது நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பையன் விழாக் குழுவோடு சிரித்துக்கொண்டு வராந்தாவில் போனதைப் பார்த்தேன். அவள் வராத வகுப்பு, அவன் நடக்கும் வராந்தா. எழுந்து குழுத் தலைவரைப் பார்க்கப் போனேன்.

தலைவர் வேதியியல் பேராசிரியை. நீங்களும் பார்ப்பீர்கள், அதிகம் பேச மாட்டார், சிரிக்கவும் மாட்டார். மேடம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். மேசையில் புகாரின் நகல் இருந்தது. அந்த வரிக்குக் கீழே ஏற்கெனவே பென்சில் கோடு.

"இது அந்தப் பொண்ணு பேசுற தமிழ் இல்லையே. யாரோடது?"

"என்னோடது மேடம்."

"கத்தினேன்னு சொன்னாங்களா?"

"இல்ல மேடம்."

மேடம் நகலை ஒரு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"உங்க வரியெல்லாம் அடிங்க."

அடித்தேன். கடலன்னை போனது. பொற்பாதம் போனது. கூக்குரல் போனது. இரண்டு பக்கத்தில் பதினோரு வரி மிஞ்சியது. மேடம் அதைத் திருப்பி வைத்துப் படித்தார்.

"இது போதும்னு உங்களுக்கு ஏன் தோணல?"

பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.

"வியாழக்கிழமை குழு முன்னாடி இதச் சொல்லணும். பதிவாகும். மெமோ வரும். ஒப்பந்தம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

"சொல்றேன் மேடம். அந்தப் பொண்ண நான் போய்ப் பாத்து, அவங்க வீட்டுல பேசி..."

"போகக் கூடாது. நீங்க அந்தத் தெருவுல போய் நின்னா அடுத்த நாள் ஊருக்கே தெரியும். ஃபோனும் வேணாம். செய்தி ஒண்ணு அனுப்புங்க. உங்க தப்ப மட்டும் சொல்லுங்க. வான்னு சொல்லாதீங்க. வராதன்னும் சொல்லாதீங்க. போலீஸ்க்குப் போற வழி இருக்கு, துணைக்கு நாங்க வருவோம்னு அவங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கேன். எல்லாம் அவங்க முடிவு."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். முதலில் எழுதியது ஒரு பக்கம் வந்தது. மேடம் வாங்கிப் படித்துவிட்டு, "மன்னிப்பு கேக்குறீங்களா, மனு போடுறீங்களா" என்றார். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: கத்தினதா எழுதினது என் தப்பு. அதைக் குழுகிட்ட சொல்லப் போறேன். புகாரை வச்சுக்கறதும் எடுத்துக்கறதும் உங்க முடிவு.

பதில் வரவில்லை. புதன்கிழமையும் அவள் வரவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. ஒன்பதரைக்கு வாட்ச்மேன் வந்து, "ஒரு அம்மா மீன் டப்போட வந்து நிக்கிது, உள்ள விடலாமா" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். சுதா, பக்கத்தில் அவள் அம்மா. அதிகாலையில் கரையில் மீன் எடுத்து, காரைக்கால் தெருக்களில் பாதி விற்றுவிட்டு நேரே வந்திருந்தார். மீதி மீன் ஐஸ் போட்டு டப்பில் இருந்தது. அதை வாட்ச்மேன் அறை நிழலில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எம்மா நேரமாவும் தம்பி? ஐஸ் கரைஞ்சிடும்."

"ரெண்டு மணி நேரம் ஆகும்மா."

"ஆவட்டும்."

மகளுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்தது செவ்வாய்க்கிழமைதான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுதா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "வெள்ளத் தாள் குடுங்க சார்."

கொடுத்தேன், பேனாவும். இந்த மேசையில் உட்கார்ந்து எழுதினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பாதியில் நிறுத்தினாள்.

"'முடியல'ன்னு எழுதலாமா, 'இயலவில்லை'ன்னு எழுதணுமா?"

"முடியலன்னே எழுதுங்க."

இருபது நிமிடம். முக்கால் பக்கம். குழுவுக்குப் போகும் முன் பதிவு எண் போட என்னிடம் கொடுத்தாள், அப்போது கண்ணில் பட்டது. 'கத்தல. கத்த முடியல. கையில இருந்த குச்சிக் கட்டு கீழ விழுந்து உருண்டுச்சு. அப்ப வெளியில யாரோ அவரு பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அவரு திரும்பினாரு. நான் தாழ எடுத்துட்டு ஓடினேன்.'

குச்சிக் கட்டு. முதல் நாள் என்னிடம் சொன்னாள். சின்ன விஷயம் என்று நான் விட்ட வரி.

குழுவில் முதலில் நான் பேசினேன். புகாரில் இன்ன இன்ன வரிகள் புகார்தாரர் சொன்னவை அல்ல, நான் சேர்த்தவை என்று சொன்னேன். வெளி உறுப்பினராக வந்திருந்த வழக்கறிஞர் அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு உள்ளே நடந்தது விசாரணைக் குறிப்பிலிருந்து பின்னால் எனக்குத் தெரிந்தது.

நூலக உதவியாளரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேடம் அவரிடம் அலறல் கேட்டதா என்று கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பக்கத்து அறையில் உங்களுக்கு என்னென்ன கேட்டது என்று கேட்டிருக்கிறார். அவர் யோசித்துச் சொல்லியிருக்கிறார்: தாழ் போடுகிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. குச்சிகள் மொத்தமாகக் கீழே கொட்டி உருண்ட சத்தம். கீழேயிருந்து அந்தப் பையன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டது. கதவு, பிறகு ஒரு பெண் பிள்ளை படியில் ஓடிய சத்தம்.

"இத ஏன் முன்னாடி எழுதல?" என்று மேடம் கேட்டதற்கு அவர் சொன்னது குறிப்பில் அப்படியே இருக்கிறது.

"அலறல் கேட்டிச்சான்னுதான் அந்தத் தம்பி கேட்டுச்சு. இல்லன்னேன். குச்சி விழுந்துச்சான்னு யாரும் கேக்கலயே."

நான் எழுதிய பொய்ச் சத்தம் அங்கே இருந்தவரை அவள் பக்கத்திலிருந்த உண்மைச் சத்தங்களை யாரும் கேட்கவில்லை. அதுவரை நான் எழுதியது உதவி செய்யவில்லை என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

தான் அந்த அறைப் பக்கமே போகவில்லை என்று அந்தப் பையன் தன் பதிலில் எழுதியிருந்தான்; நூலக உதவியாளர் சொன்னதோ அவள் எழுதியதோடு பொருந்தியது.

முடிவு வர ஐந்து வாரம் ஆனது. புகார் நிரூபணமானது, அவன் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டான். அந்த ஐந்து வாரமும் அவள் வகுப்புக்கு வந்தாள். சுலபமாக வந்தாள் என்று எழுத மாட்டேன். கேன்டீன் பக்கம் போகவே இல்லை, அது எனக்குத் தெரியும். தோழி ஒருத்தி பேசுவதை நிறுத்தினாள். வேறு இரண்டு பேர் பேச ஆரம்பித்தார்கள். காவல் நிலையம் பற்றிய முடிவை அவள் பிறகு எடுத்தாள். அது என்ன என்று எழுத வேண்டாம் என்றாள். எனக்கு மெமோ வந்தது. ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் பதிலாக ஆறு மாதத்துக்குப் புதுப்பித்தார்கள். மெமோவின் நகல் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. அதில் அவள் பெயர் இல்லை, என் பெயர்தான். படித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு நாளைச் சொல்ல வேண்டும். முடிவுக் கடிதத்தை வாங்கிக்கொள்ள அவளும் அம்மாவும் வந்த நாள். அன்றும் டப் வாட்ச்மேன் அறையில்தான் இருந்தது. கடிதத்தை மேடம் சுதாவின் கையில் கொடுத்தார், உறையைப் பிரிக்காமலே அவள் அதை அம்மாவிடம் கொடுத்தாள். வெளியே வந்ததும் அந்த அம்மா உறையை என்னிடம் நீட்டினார்.

"படிச்சிச் சொல்லு தம்பி."

என் கை தானாக நீண்டது. எங்கள் தெருவில் எத்தனை அம்மாக்கள் இப்படி நீட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றையும் வாங்கிப் படித்து, எனக்குத் தோன்றியபடி கொஞ்சம் இனிப்பாகவோ கொஞ்சம் காரமாகவோ சொல்லியிருக்கிறேன். உறையை வாங்கிச் சுதாவிடம் கொடுத்தேன்.

"அவங்க படிப்பாங்கம்மா."

இருவரையும் இந்த அறையில் உட்காரச் சொல்லிவிட்டு நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். போகட்டுமா என்று சுதாவைப் பார்த்தேன். இருங்க என்றாள். கடிதத்தில் அலுவலகத் தமிழ். ஒரு வரி படிப்பாள், அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு வரி சொல்வாள். 'புகார்தாரர் அச்சமயம் குரல் எழுப்ப இயலாத நிலையில் இருந்தார் என்பதைக் குழு ஏற்கிறது' என்ற இடத்தில் நின்றாள்.

"என்னாடி அது?"

"நான் கத்தாதது தப்பில்லங்கறாங்கம்மா."

அந்த அம்மா மடியிலிருந்த துண்டால் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கைதான்.

"இதச் சொல்லத்தான் இம்மாம் பேரு ஒக்காந்தாங்களாக்கும்."

சுதா லேசாகச் சிரித்தாள்.

"சுனாமி அலை வந்த அன்னிக்கி ஒன்ன இடுப்புல வச்சிகிட்டுக் கரையில நிக்கிறேன். கருப்பா எந்திரிச்சி வருது, கண்ணால பாக்குறேன். பக்கத்துல ஒங்க பெரிம்மா நிக்கிறா. அவளக் கூப்புடணும். வாய் தொறக்கல. நான் கத்துனேனா? எவளும் கத்தல அன்னிக்கி. ஓடுனோம். ஓட முடிஞ்சவ ஓடுனோம். அப்பறம் எத்தன பேரு வந்தாங்க, கணக்கெடுக்க, அரிசி குடுக்க, போட்டோ புடிக்க. ஒருத்தன் கேட்டானா, ஏன்டி கத்தலன்னு?"

மின்விசிறி ஆடிக்கொண்டிருந்தது.

"இத நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றாள் சுதா.

"நீ கேட்டியா?"

பிறகு எழுந்து, கடிதத்தை மகளிடமிருந்து வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வா. ஐஸ் கரைஞ்சிருக்கும்."

இருவரும் படிக்கட்டுச் சுவரைத் தாண்டிப் போனார்கள். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, திறந்த வாயோடு இருந்த முகத்தை மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே சுண்ணாம்பும் பிரஷும் வாங்கி வந்து அந்தச் சுவரை நானே அடித்தேன். முதல்வர், நன்றாக இருந்ததே, ஏன் என்று கேட்டார். விளக்கினேன். வேறு என்ன எழுதப் போகிறாய் என்றார். ஒன்றும் இல்லை என்றேன். இப்போது அங்கே ஒரு அம்புக்குறியும் இந்த அறையின் எண்ணும், பெண்களும் ஆண்களும் யாராக இருந்தாலும் வரலாம் என்பதும்தான் இருக்கிறது. கூட்டங்களும் அதன் பிறகு எல்லாருக்கும் சேர்த்துத்தான். அதில் எவன் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

மேசையில் வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன், நல்ல பேனா ஆறு. எழுதத் தெரியாதவர்கள் வந்தால் அவர்கள் சொல்வதைச் சொல்கிறபடியே எழுதிவிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். சொல்லாமல் தாண்டுகிற இடத்தில் தாளில் இடம் விடுங்கள்.

சுவருக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்தேன், இருந்தாலும் மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து சிவப்பு லேசாகத் தெரியும். டிசம்பருக்கு முன் ஒரு கை அடித்துவிடுங்கள். டப்பா அலமாரிக்கு மேலே இருக்கிறது.